தலைக்குத்தான் காசு: ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு ஸ்டாண்டு தேடின நாலு வருஷம்

பாளையங்கோட்டையில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை கடை அடைப்பு. அன்னைக்கு விடியுமுன்னே வண்டியை எடுத்துட்டு ஏதாவது ஒரு குளத்தங்கரைக்குப் போயிடுவேன். கூந்தன்குளம், விஜயநாராயணம், ராஜவல்லிபுரம்னு எங்க பக்கம் குளத்துக்குப் பஞ்சமே கிடையாது. பறவை பார்க்கிற கிறுக்கு பிடிச்சுப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. பைனாகுலர் போதாம, நாலு வருஷம் முன்னாடி ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கினேன், தூரத்துப் பறவையைக் கிட்டக் காட்டுற ஒத்தைக்கண் தொலைநோக்கி. 80 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, 20-லிருந்து 60 மடங்கு வரை ஜூம், கண்ணு வைக்கிற பக்கம் 45 டிகிரி சாய்ஞ்ச மாடல். வெறும் ஸ்கோப் 1,750 கிராம். கடைத் தராசில் நானே போட்டுப் பார்த்தது.

இங்க எழுதப் போறது ஸ்கோப்பைப் பத்தி இல்லை. அதைத் தாங்குற சாமானைப் பத்தி. ஏன்னா, இருந்த காசு மொத்தத்தையும் கண்ணாடியில் போட்டுட்டு, மிச்சம் கிடந்த சில்லறையில் ஸ்டாண்டு வாங்கினவன் நான். அந்தப் புத்திக்கு வந்த வினையை முதலில் சொல்லிடுறேன்.

முதல் ஸ்டாண்டு ஆன்லைனில் வாங்கினது. விலை 1,800 ரூபாய். பேர் வேண்டாம், அந்த விலைக்கு வர்ற எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சுதான். காலு அலுமினியம், சுண்டுவிரல் தண்டி. தலை, அதாவது காலுக்கு மேல ஸ்கோப்பைத் தாங்கித் திருப்புற பாகம், முழுக்க பிளாஸ்டிக். கேமரா மாட்டுற பிளேட்டும் பிளாஸ்டிக். பெட்டி மேல 5 கிலோ தாங்கும்னு போட்டிருந்தது. தாங்கும்கிறது கீழ விழாம நிக்கிறது மட்டுந்தான், ஆடாம நிக்கிறது இல்லைன்னு அப்ப எனக்கு உறைக்கலை. ஒரு பிப்ரவரி காலை, கூந்தன்குளம் கரையில் நிக்கிறேன். பட்டைத்தலை வாத்து ஒரு நூறு, நூத்தம்பது இருக்கும். அதில் ஒண்ணு கழுத்தில் பச்சைப் பட்டை மாட்டியிருக்கு. மங்கோலியாவில் பட்டை மாட்டி விட்ட வாத்துகள் தென்னிந்தியக் குளங்கள் வரைக்கும் வந்ததுக்குப் பதிவு இருக்கு. அந்தப் பட்டையில் இருக்கிற எழுத்தைப் படிச்சுச் சொன்னா, அந்த வாத்து எங்க இருந்து கிளம்பினதுன்னு கண்டுபிடிச்சிடலாம். எனக்குக் கை காலெல்லாம் பரபரங்குது. 60-க்கு ஜூமைத் திருகினேன். பட்டை தெரியுது, எழுத்து இருக்கிறதும் தெரியுது, என்ன எழுத்துன்னுதான் தெரியலை. காத்தடிக்கிற ஒவ்வொரு தடவையும் வாத்து ரெண்டாகுது, மூணாகுது. கொடியில் காயப்போட்ட துணியில் அச்சடிச்ச எழுத்தைப் படிக்கிற கணக்குதான்.

சரி, கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போம்னு கைப்பிடியைத் திருகினேன். டப்னு ஒரு சத்தம். பிளேட்டில் இருந்த நாக்கு முறிஞ்சு, ஸ்கோப் மூக்கு குத்தி, கரைச் சரிவில் உருண்டு, உடைமரத் தூரில் போய் முட்டி நின்னுது. முன்னாடி இருந்த ஹூட் மட்டும் நசுங்கினது. கண்ணாடி தப்பினது இசக்கியம்மன் புண்ணியம். வாத்துக் கூட்டம் அதுக்குள்ள எழும்பிப் போயிட்டு.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 60 மடங்குன்னா வாத்தும் 60 மடங்கு, நடுக்கமும் 60 மடங்கு. ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறதை 60-ல் பார்த்தா, கண்ணில் விழுற வட்டத்தோட அகலமே 17-லிருந்து 20 மீட்டர்தான். கோணத்தில் சொன்னா சுமார் ஒரு டிகிரி. ஸ்டாண்டு பத்தில் ஒரு டிகிரி அசைஞ்சாலே படம் பத்தில் ஒரு பங்கு ஓடிடும். இன்னொண்ணும் இருக்கு. 80-ஐ 60-ஆல் வகுத்தா 1.3. கண்ணுக்கு வந்து சேர்ற வெளிச்சத் துளையோட அளவு அந்த 1.3 மில்லிமீட்டர். 20-ல் வச்சா அதுவே 4 மில்லிமீட்டர். அவ்வளவு சின்னத் துளைக்கு நேரா கண்மணியைக் கொண்டுபோய் வைக்கும்போது இமை லேசா உரசினாலே ஸ்கோப் ஆடும். ஸ்டாண்டு சரியில்லைன்னா 60 மடங்கு ஸ்கோப் வாங்கி 25-ல் வச்சுத்தான் பார்க்கணும். நான் ஒரு வருஷம் அப்படித்தான் பார்த்தேன்.

அடுத்து வந்தது பால் ஹெட், பந்து மாதிரி ஒரு உருண்டை மேல திரும்புற தலை. சிநேகிதர் ஒருத்தர் புகைப்படக்காரர், பாவம்னு தன்னோடதைக் கொடுத்து உதவினார். கேமராவுக்கு அது நல்ல சாமான்தான். ஒரு திருகைத் தளர்த்தினா எல்லாப் பக்கமும் திரும்பும், இறுக்கினா நிக்கும். ஸ்கோப்புக்கு அந்த எல்லாப் பக்கமும்தான் வில்லங்கம். தளர்த்தினதும் கனத்த மூக்கு சாய்ஞ்சிடும். பிடிச்சு நிமிர்த்தி, பறவையைத் தேடி, இறுக்கிக் கையை எடுத்தா அரை விரற்கடை கீழ இறங்கி உட்காரும். அதனால பறவைக்குக் கொஞ்சம் மேல குறிவச்சு இறுக்கணும், அது தானா இறங்கி வந்து பறவை மேல நிக்கும். கொக்கு தலையில் வெண்ணெய் வச்சுப் பிடிக்கிற கதைன்னு சொல்லுவாங்களே, அதேதான். பக்கவாட்டுக்கு ஒரு கைப்பிடி, மேல கீழ ஒரு கைப்பிடின்னு தனித்தனியா வர்ற பழைய மாதிரி தலையும் பார்த்தேன். கோபுரத்தைப் படம் எடுக்க அது தோது. உள்ளான்னு சொல்ற சின்னக் கரைப்பறவை சேத்தில் குறுக்கும் மறுக்கும் ஓடும்போது ரெண்டு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மாட்டுவண்டி ஓட்டுற மாதிரி இருக்கும். பெரிய லென்ஸ்காரங்க வச்சிருக்கிற, ஊஞ்சல் மாதிரி தாங்குற கிம்பல் தலையிலும் ஸ்கோப்பை மாட்டலாம்தான். எனக்கு அந்த விலைக்கு அவசியம் தெரியலை.

வேண்டியது ஃபுளூயிட் ஹெட். வீடியோக்காரங்க தலை. உள்ளே கெட்டியான கிரீஸ் மாதிரி ஒரு பசை, ரெண்டு தகட்டுக்கு நடுவில் நிக்கும். மெதுவாத் தள்ளினா மெதுவா விடும், வேகமாத் தள்ளினா எதிர்க்கும். அதனால கை நடுக்கம் ஸ்கோப் வரைக்கும் போகாது. என் பாஷையில் சொல்றேன்: புது கோன்செட் போட்டு, கிரீஸ் வச்சு, நட்டை அளவா இறுக்கின வண்டியோட ஹேண்டில் எப்படித் திரும்பும்? இறுகிப் போய்க் கட்டையாவும் இருக்காது, தளர்ந்து டொக்கு டொக்குன்னும் அடிக்காது. நல்ல ஃபுளூயிட் தலையைத் திருப்பினா அந்த உணர்வு கையில் வரும். பேரில் ஃபுளூயிட்னு போட்டு உள்ளே வெறும் பிளாஸ்டிக் வாஷரும் கொஞ்சம் கிரீஸும் வச்சு விக்கிறதும் மார்க்கெட்டில் நிறைய. கண்டுபிடிக்க வழி ஒண்ணுதான். ரொம்ப மெதுவா, கடிகாரப் பெரிய முள்ளு நகர்ற வேகத்தில் திருப்பிப் பாருங்க. போலியா இருந்தா ஒட்டிக்கிட்டு நிக்கும், அப்புறம் வெடுக்குன்னு நகரும்.

எனக்கு அந்தத் தலை கிடைச்ச விதம் வேடிக்கை. வண்ணார்பேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருத்தர் ஸ்பிளெண்டருக்கு கிளட்ச் கேபிள் வாங்க வந்தார். வண்டியில் நீளப் பை ஒண்ணு கட்டியிருந்தார். என்ன சாமான்னு கேட்டேன்.

"ஸ்டாண்டு அண்ணாச்சி. இப்ப யாரு இதை வைக்கிறா? எல்லாம் கையில பிடிக்கிற கிம்பல்தான். பொண்ணு மாப்பிள்ளை பின்னாடியே ஓடணும்லா. இது மாச முச்சூடும் வீட்ல சும்மா கிடக்கு."

திறந்து பார்த்தா மான்ஃப்ராட்டோ 055, மூணு அடுக்கு அலுமினியக் கால். மேல அதே கம்பெனி 500 தலை. இத்தாலிக் கம்பெனி, ஸ்டூடியோக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். ஒரு ஞாயித்துக்கிழமைக்கு இரவல் கேட்டேன், கொடுத்தார். திங்கக்கிழமை திருப்பிக் கொடுக்கிறதுக்குப் பதிலா ரெண்டும் சேர்த்து 14,000 கொடுத்தேன். ஸ்கோப் வச்சிருக்கிறவங்க இதை மனசில் வச்சுக்கோங்க. நம்ம ஊர் ஒவ்வொண்ணிலும் நாலு கல்யாண வீடியோக்காரர் இருப்பார், அவங்க பரணில் நல்ல தலை ஒண்ணு தூங்கிக்கிட்டு இருக்கும். புதுசா வாங்கறவங்களும் முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து மாட்டிப் பாருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி நான் செஞ்ச சோதனையைச் சொல்றேன். இதுக்குக் காசு செலவில்லை. வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தா ஊசிக்கோபுரம் தெரியும். 60-ல் வச்சு அதோட உச்சியை வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். பென்சில் முனையால கண்ணு வைக்கிற பக்கத்தை ஒரு தட்டு. கோபுரம் ஆடும். ஆட்டம் அடங்குற வரைக்கும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணணும். பழைய 1,800 ரூபாய்க் காலில் இதே தலையை ஒட்டுப்போட்டு மாட்டினப்ப நாலு வரைக்கும் போச்சு. 055-ல் ஒண்ணு சொல்லி ரெண்டுக்கு வாய் திறக்கிறதுக்குள்ள நின்னுட்டு. அடுத்து, கைப்பிடியைப் பிடிச்சு உச்சியை நடுவில் நிறுத்திட்டுக் கையை எடுக்கணும். தலை சரியில்லைன்னா கையை எடுத்த உடனே படம் வந்த பக்கமே கொஞ்சம் திரும்பி ஓடும். ரப்பரை முறுக்கி விட்ட மாதிரி. இந்தத் தலையில் அந்தப் பின்னிழுப்பு இருக்கத்தான் செய்யுது, ஆனா கோபுர உச்சி வட்டத்தை விட்டு ஓடுற அளவுக்கு இல்லை. பின்னிழுப்பு பாதி நேரம் தலையால வர்றதே இல்லை, பிளேட்டால வர்றது. ஸ்கோப்போட பாதத்துக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் நசுங்கி நசுங்கி எழும்பும். பிளேட் திருகை ஒரு ரூபாய்க் காசை வச்சு நல்லா இறுக்குங்க. பைக்குள்ள எப்பவும் ஒரு ரூபாய் போட்டு வைக்கிறது என் வழக்கம். பிளேட்டில் திருகுக்குப் பக்கத்தில் சின்னதா ஒரு முளை நீட்டிக்கிட்டு இருந்தா, ஸ்கோப் பாதத்தில் அதுக்கு ஓட்டை இருக்கான்னு பாருங்க. ரெண்டும் பொருந்தினா ஸ்கோப் தன்னால சுத்திக்கிடாது.

திருகுன்னதும் ஒரு சமாச்சாரம், கடைக்காரன் புத்தி விடாது. ஸ்கோப் பாதத்தில் இருக்கிற மரை கால் இஞ்ச், ஒரு இஞ்சுக்கு 20 மரை. தலைக்கும் காலுக்கும் நடுவில் இருக்கிறது மூணு அரைக்கால் இஞ்ச், அதாவது எட்டில் மூணு, 16 மரை. நம்ம ஹார்டுவேர் கடையில் இன்னும் கிடைக்கிற பழைய விட்வொர்த் கால் இஞ்ச் போல்ட்டும் அதே 20 மரைதான். கோணத்தில் 55 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் வித்தியாசம் உண்டு, ஆனா பொருந்திடும். குளத்தங்கரையில் திருகு தொலைஞ்சா பக்கத்து ஊர் ஹார்டுவேர் கடையே போதும். நீளம் மட்டும் பார்த்து வாங்குங்க. நீளம் கூடிப்போய் ஸ்கோப் பாதத்தில் குத்தினா மரை போயிடும்.

500 தலையில் எனக்குப் பிடிச்சது நீளப் பிளேட். முன்னும் பின்னும் நகர்த்தலாம். படம் எடுக்க ஸ்கோப்பில் போனை மாட்டினா பின்பக்கம் கனக்கும், அப்ப பிளேட்டை முன்னுக்குத் தள்ளணும். லாக்கைத் தளர்த்தி, கையை எடுத்து, ஸ்கோப் எந்தப் பக்கமும் சாயாம நிக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு, அங்க பெயிண்டில் ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன். போன் இல்லாம ஒரு கோடு, போனோட ஒரு கோடு. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் உண்டு, சாய்ஞ்ச ஸ்கோப்பைத் தாங்கிப் பிடிக்க. அது 2.4 கிலோவுக்குன்னு வச்ச ஸ்பிரிங், மாத்த முடியாது. என்னோடது போனோட சேர்த்தே 2.1 கிலோதான் வரும். அதனால ரொம்பக் கீழ சாய்ச்சா மெதுவா நிமிரப் பார்க்கும், லாக்கைக் கொஞ்சம் பிடிச்சுவிட்டா நின்னுக்கும். 65 மில்லிமீட்டர் ஸ்கோப் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தத் தலை தேவைக்கு மேல. 3 கிலோ வரை தாங்குற சின்ன ஃபுளூயிட் தலைகள் இருக்கு, அதில் ஒண்ணைப் பாருங்க, தோளும் பிழைக்கும்.

இப்ப காலு. 055 அலுமினியம் 2.5 கிலோ. தலை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்கோப்பையும் சேர்த்தா 5 கிலோவைத் தாண்டும். விஜயநாராயணம் பெரியகுளத்துக் கரையை ஒரு சுத்து நடந்தா மறுநாள் கடையில் பேட்டரி தூக்க முடியாது. இதே கால் கார்பன் ஃபைபரில் 2 கிலோ. அரைக் கிலோ குறையும், ஆட்டமும் சீக்கிரம் அடங்கும், விலைதான் எட்டாத உயரம். பையில் காசு இருந்தா அந்தக் காசை முதலில் தலைக்குப் போடுங்க, மிச்சம் இருந்தா கார்பன். என்னைக் கேட்டா இந்த வரிசை மாறக்கூடாது. கார்பன் கால் வாங்கி மேல மலிவுத் தலையை வச்சவங்க ரெண்டு பேரை எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் இப்ப பைனாகுலரில்தான் பார்க்கிறாங்க.

மூணு அடுக்கா நாலு அடுக்கான்னு கேட்டா மூணு. அடுக்கு கூடக்கூட கடைசிக் கால் மெலிஞ்சுக்கிட்டே போகும், ஆட்டம் அங்கதான் பிறக்கும். பஸ்ஸில் போறவங்களுக்கு நாலு அடுக்கு மடக்க வசதி, அவங்க விரலை விட்டு அளந்து கடைசி அடுக்கு மெலிசா இல்லாம பார்த்து வாங்கட்டும். நடுத்தண்டு இருக்கே, அதைத் தூக்கவே தூக்காதீங்க. மூணு கால் மேல ஒத்தைக் கால் நட்ட கதைதான் அது. 055-ல் நடுத்தண்டை ஏத்தாமலே 140 சென்டிமீட்டர் உயரம் வரும். தலை, ஸ்கோப் எல்லாம் சேர்ந்து கண்ணு வைக்கிற இடம் கிட்டத்தட்ட என் கண்ணுயரத்துக்கே வந்துடுது. நான் அஞ்சடி ஏழு இஞ்ச். சாய்ஞ்ச ஸ்கோப் வாங்கினா இந்த லாபமும் உண்டு: குட்டையான ஸ்டாண்டே போதும், குட்டையா வச்சா ஆட்டமும் குறையும். ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவாங்க. இருக்கிறதிலேயே சின்னப் பிள்ளையோட உயரத்துக்கு வச்சிடுவேன். பெரியவங்க குனிஞ்சு பார்த்துக்கலாம். நேர் ஸ்கோப்பில் இந்த வேலை நடக்காது, ஒவ்வொரு ஆளுக்கும் காலை ஏத்தி இறக்கணும்.

பூட்டு ரெண்டு ரகம். மடக்குப் பூட்டு, திருகுப் பூட்டு. என் சாமான் மடக்குப் பூட்டு. பூட்டிருக்கா இல்லையான்னு இருட்டில் தடவிப் பார்த்தாலே தெரியும். திருகுப் பூட்டில் சேறும் மணலும் உள்ளே போனா நறநறங்கும். ஆனா கழட்டிக் கழுவுறது சுலபம். கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் கொண்டுபோய் நட்டுட்டு வந்தீங்கன்னா எந்த ரகமா இருந்தாலும் அன்னைக்கே நல்ல தண்ணியில் கழுவிக் காய வச்சிடுங்க. உப்பு அலுமினியத்தை வெள்ளை வெள்ளையா அரிச்சு, பூட்டை இறுக்கிப் பிடிச்சிடும்.

சேத்தில் கால் புதையும். ஒரு கால் மட்டும் அமிழ்ந்தா ஸ்கோப் மெல்ல மெல்லச் சாய்ஞ்சுக்கிட்டே போகும், பறவைதான் நகருதுன்னு நினைச்சுக்கிட்டு நாமளும் பின்னாடியே போவோம். இதுக்கு மூணு தேங்காய்ச் சிரட்டை போதும். வாய் மேல பார்க்க சேத்தில் அமுக்கி, அதுக்குள்ள காலை வைக்கணும். காத்துக்கு மஞ்சப்பையில் கல்லு போட்டு நடுத்தண்டுக் கொக்கியில் தொங்க விடுவேன். வெறுமனே தொங்கவிட்டா பை ஊஞ்சலாடி ஸ்டாண்டையும் சேர்த்து ஆட்டும். பையோட அடி தரையைத் தொட்டுக்கிட்டு இருக்கணும். ஆனி, ஆடியில் எங்க ஊர்க் காத்து அடிக்கிற வேகத்துக்கு எந்தக் கல்லும் காணாது. அப்ப காலை அகட்டி வச்சு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பார்க்கணும்.

கார் வச்சிருக்கிறவங்களுக்கு ஜன்னல் கண்ணாடியில் மாட்டுற கிளாம்ப் கிடைக்குது. இன்ஜினை அணைச்சாத்தான் அதில் ஒழுங்காப் பார்க்க முடியும். என்கிட்ட கார் இல்லை. பயறு நிரப்பின தையல் பை ஒண்ணு இருக்கு. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சீட்டு மேல பையைப் போட்டு, அதில் ஸ்கோப்பைக் கிடத்தினா 30 மடங்கு வரைக்கும் தாராளமாப் பார்க்கலாம். சைடு ஸ்டாண்டில் முயற்சி பண்ணாதீங்க. கண்காணிப்புக் கோபுரம் ஏறிட்டா எந்த ஸ்டாண்டும் பத்தாது. நாலு பேர் படியில் ஏறினா கோபுரமே ஆடும். அவங்க ஏறி முடிக்கிற வரைக்கும் சும்மா இருங்க.

அந்தக் கழுத்துப்பட்டை கதையையும் முடிச்சிடுறேன். 055 வந்த அடுத்த ஜனவரியில், அதே கரை, கிட்டத்தட்ட அதே இடம், பச்சைப் பட்டையோட ஒரு வாத்து. பழைய ஆள்தானான்னு தெரியாது. காலை ஏழேகால் மணி, வெயில் ஏறலை. 60-ல் வச்சேன். எழுத்து, அதுக்கடுத்து ரெண்டு எண், வாகன நம்பர் பிளேட் மாதிரி நின்னுது. என் பொண்ணு பக்கத்தில் நின்னு நோட்டில் எழுதினா. ஒன்பதரைக்கு மேல அதே வாத்தைத் திரும்பப் பார்த்தா தோசைக்கல்லுக்கு மேல ஆவி பறக்கிற மாதிரி கானல். 25-க்கு மேல போனா ஒண்ணும் தெரியலை. பத்தாயிரம் இல்லை, பத்து லட்சம் ரூபாய் ஸ்டாண்டு வாங்கினாலும் கானலை ஒண்ணும் பண்ண முடியாது.

அந்தக் கானலை வேணும்னே தேடிப் பார்க்கிற ஒருத்தி என் வீட்டுக்குள்ளேயே இருக்கா. பொண்ணு காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்து பாயிண்ட் டூ டூ ரைபிளைத் தொட்டவ, இப்ப ரைபிள் கிளப்பில் 50 மீட்டர் புரோன் சுடுறா. குப்புறப் படுத்துக்கிட்டு 60 ரவுண்டு. பத்துக்கான வட்டம் 10.4 மில்லிமீட்டர் அகலம், குண்டு 5.6 மில்லிமீட்டர். கருப்பு வட்டத்தில் விழுந்த கருப்பு ஓட்டை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. துப்பாக்கியில் தொலைநோக்கி மாட்ட அனுமதி கிடையாது, பக்கத்தில் தனியா ஸ்கோப் வச்சுப் பார்த்துக்கலாம். பெரிய போட்டிகளில் எலக்ட்ரானிக் டார்கெட், திரையிலேயே காட்டிடும். இவ கிளப்பில் இன்னும் காகிதம்தான். 10 மீட்டர் ஏர் ரைபிள்காரங்களுக்கு இந்தச் செலவு எதுவும் வேண்டாம்.

ஸ்கோப்பை இலக்குக்குக் கொஞ்சம் முன்னாடி ஃபோகஸ் பண்ணினா நடுவில் இருக்கிற கானல் ஓடுறது தெரியும். வலமிருந்து இடமா ஓடினா காத்து அந்தப் பக்கம், நேரா மேல எழும்பினா காத்து இல்லை அல்லது நேர் பின்னாலிருந்தோ எதிரிலிருந்தோ வருது. அதைப் பார்த்துத்தான் எப்ப சுடுறதுன்னு முடிவு பண்ணுறா. கானல் எனக்குச் சனியன், அவளுக்குக் காத்தைக் காட்டுற கொடி.

சரி, வீட்டில்தான் நல்ல ஸ்டாண்டு இருக்கேன்னு 055-ஐத் தூக்கிட்டுப் போனோம். காலை முழுக்க அகட்டி, நடுத்தண்டைப் படுக்க வச்சு மாட்டினோம், அதுக்கு அந்த வசதி உண்டு. உயரம் சரியா வந்தது. ஆனா மூணு காலும் ஆக்டோபஸ் மாதிரி பரவி, பக்கத்தில் படுத்திருந்தவரோட பாயில் ஒரு கால் ஏறிட்டு. முழங்கை ஊன்ற இடத்தில் ஒரு கால். அவ எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வையே போதும்.

"எப்பா, இது கொக்கு பார்க்கிறதுக்குத்தான். எனக்குக் கம்பி மாதிரி ஒண்ணு போதும்ப்பா."

அவ சொன்னதுதான் சரி. புரோனுக்கு வேண்டியது ஒத்தைக் கம்பி, கீழ கனமான அடி, பக்கவாட்டில் நீளுற கை. வலது தோளில் சுடுறவங்களுக்கு ஸ்கோப் இடது பக்கம், கொஞ்சம் முன்னாடி. கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழும்பாம, லேசா முகத்தைத் திருப்பினாலே கண்ணு ஸ்கோப்பில் போய் நிக்கணும். இதுக்குன்னே ஜெர்மனியில் கெமன், ஏ.எச்.ஜி. மாதிரி கம்பெனிகள் ஸ்டாண்டு செய்யுறாங்க. விலையையும் கப்பல் கூலியையும் பார்த்துட்டு நான் லேத் பட்டறைக்குப் போனேன்.

அடிக்கு, மெக்கானிக் ஷெட்டில் கிடந்த தேய்ஞ்ச கார் பிரேக் டிஸ்க். அது வார்ப்பிரும்பு, வெல்டிங் வச்சா விரிஞ்சிடும். அதனால சக்கரப் போல்ட் ஓட்டைகளிலேயே 6 மில்லி தகடு ஒண்ணைப் போல்ட் போட்டு இறுக்கி, தகட்டு நடுவில் மரை வெட்டினோம். அதில் 20 மில்லி பிரைட் பார், அதாவது வழவழப்பான இரும்புக் கம்பி, ரெண்டடி நீளம். கம்பியில் மாட்ட, ஸ்டூடியோ விளக்கைப் பிடிக்கிற சூப்பர் கிளாம்ப். அது 13 மில்லியிலிருந்து 55 மில்லி வரைக்கும் எந்தக் கம்பியையும் கவ்வும். அதுக்கு மேல என்ன தலை தெரியுமா? நான் வேண்டாம்னு வச்ச அதே பால் ஹெட். இங்க பறவை பின்னாடி ஓடுற வேலை இல்லை. ஒரு தடவை குறிவச்சு இறுக்கிட்டா சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நிக்கும். சிநேகிதர்கிட்ட கேட்டு விலைக்கே வாங்கிட்டேன். ஸ்கோப் உடம்பைச் சுத்திப் பாதத்தோட சேர்ந்திருக்கிற கழுத்து வளையத்தைத் தளர்த்தி, கண்ணு வைக்கிற பக்கத்தை அவ முகத்துக்கு நேரா சுத்தி விட்டோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரலை. சாய்ஞ்ச ஸ்கோப் வச்சிருக்கிறவங்க அந்த வளையத்தை ஒரு தடவை திருகிப் பாருங்க. 25 மடங்கே போதுது, 5.6 மில்லி ஓட்டை பளிச்சுன்னு தெரியுது.

ஒரே புகார் கனம். அடியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏற முடியாதுன்னு முதல் நாளே சொல்லிட்டா. அதனால டிஸ்க்கில் மஞ்சள் பெயிண்ட் அடிச்சு, பேர் எழுதி, கிளப்பிலேயே ஒரு மூலையில் போட்டிருக்கோம். கம்பியும் கிளாம்பும் மட்டும் பையில் வரும். மண்டியிட்டுச் சுடுறதுக்கும் நின்னு சுடுறதுக்கும் இன்னொரு கம்பி மரையில் இணைக்கிற மாதிரி செய்யணும், லேத்காரர் இன்னும் நாள் சொல்லலை. கிளப்பில் வேற ரெண்டு பிள்ளைகள் இதே மாதிரி கேட்டிருக்காங்க. தேய்ஞ்ச டிஸ்க் வந்தா எடுத்து வைக்கச் சொல்லி ஷெட்டில் சொல்லி வச்சிருக்கேன்.